பக்கத்து வீட்டின் மீது நான் படையெடுத்த விவரம்

அன்புள்ள தம்பிக்கு,

அக்கா எழுதுவது. நீ நல்ல உடம்போடும் நல்ல தூக்கத்தோடும் இருக்க வேண்டும் என்பதுதான் இங்கே எல்லாருடைய விருப்பமும். நாங்களும் நலம் என்று வழக்கப்படி எழுதியிருப்பேன். ஆனால் நான் எழுதிக்கொண்டிருக்கும் இந்த மேசையின் நான்கு கால்களும் செங்கல் மேல் நிற்கின்றன. உன் அத்தான் மெத்தையை ஜன்னலில் போட்டுக் காயவைத்துக்கொண்டிருக்கிறார். கூடத்துச் சுவரில் ஓர் ஆள் குனிந்து போகுமளவுக்கு ஓட்டை இருக்கிறது. மற்றபடி நலம்.

நான்கு மாதமாக நீ எனக்கு எழுதவில்லை. நானும் எழுதவில்லை. நான் எழுதாததற்குக் காரணம் ரோஷம். உனக்கும் அதுவாகத்தான் இருக்கும், ஒரே வீட்டில் வளர்ந்தவர்கள்தானே. போன வாரம் நீ உன் அத்தானுக்குப் போட்ட மூன்று வரிக் கடிதத்தில் ‘அக்காவிடம் சொல்ல வேண்டாம்’ என்று எழுதியிருந்தாய். அதனால் அவர் படித்து முடித்த உடனே என்னிடம் கொடுத்துவிட்டார். உங்கள் ராணுவப் பிரிவு அடுத்த மாதம் மறுபடி அந்த நாட்டுக்குப் போகிறது. வருகிற சனிக்கிழமைக்குள் கையெழுத்துப் போடுகிறவர்களுக்கு இன்னும் மூன்று வருடம், போடாதவர்கள் வீட்டுக்கு வரலாம். நீ இன்னும் முடிவு செய்யவில்லை. அதைப் பற்றி நான் ஒன்றும் சொல்லப் போவதில்லை. சொல்லப் போவதில்லை என்பதைச் சொல்லத்தான் இந்தக் கடிதமே. ஆனால் அதற்கு முன்னால் நான் பக்கத்து வீட்டில் செய்த காரியத்தை உனக்குச் சொல்லியாக வேண்டும். வேறு யாரிடம் சொன்னாலும் சிரிப்பார்கள். நீயும் சிரிப்பாய், ஆனால் உனக்குத்தான் அது புரியும்.

அன்றைக்குச் சாப்பாட்டு மேசையில் நடந்ததை ஒரு தடவை ஞாபகப்படுத்துகிறேன், பொறுத்துக்கொள். நீ அங்கிருந்து திரும்பி வந்த மூன்றாவது நாள். நான் பரிமாறிக்கொண்டே, “அந்த ஊர் ஜனங்க யாராவது உங்களை வாங்கன்னு கூப்பிட்டாங்களா?” என்று கேட்டேன். நீ நிதானமாகத்தான் பதில் சொன்னாய். “கூப்பிடற நிலைமையிலயா இருந்தாங்க? வாயைத் திறந்தவனையெல்லாம் பிடிச்சு உள்ள போட்டான் அந்த நாட்டை ஆண்ட ஆளு. கூப்பிட முடியாதவங்களுக்காக யாருக்கா போறது?” நான் பேசாமல் இருந்திருக்கலாம். நம் நாடு பெரியது என்பதற்காக ஊரிலுள்ள பூட்டையெல்லாம் உடைக்கலாமா என்றேன். நீ, “நான் போட்ட பாலத்துல இன்னைக்கு ஆம்புலன்ஸ் போகுது. பிள்ளைங்க பள்ளிக்கூடம் போறாங்க” என்றாய். நான், “அதுக்கு முன்னாடி அங்க இருந்த பாலம் என்னாச்சு?” என்றேன். நீ கரண்டியைக் கீழே வைத்தாய். அப்போது என் மகள், உன் அருமை மருமகள், “சூப்பர் பாயிண்ட்மா” என்றாள். நீ எழுந்து போனது என் கேள்விக்காக இல்லை, அந்த ஒரு வார்த்தைக்காகத்தான் என்று இப்போது தோன்றுகிறது. மறுநாள் காலை ஏழு மணி ரயிலில் முகாமுக்குப் போய்விட்டாய். இன்னும் பதினெட்டு நாள் விடுப்பு மிச்சம் இருந்தது.

நான் குடிநீர் வாரியத்தின் புகார்ப் பிரிவில் இருபத்திரண்டு வருடமாக உட்கார்ந்திருக்கிறேன் என்பது உனக்குத் தெரியும், ஆனால் அங்கே என்ன செய்கிறேன் என்று நீ கேட்டதில்லை. வரும் கடிதங்களுக்குப் பதில் எழுதுகிறேன். எங்கள் பிரிவில் சேர்ந்த முதல் நாளே சொல்லித் தரும் விதி ஒன்று உண்டு. வீட்டுக்காரர் கையெழுத்துப் போட்ட புகார் இல்லாமல் எந்த வீட்டுக்குள்ளும் ஆள் அனுப்பக் கூடாது. பக்கத்து வீட்டுக்காரர் எழுதினால் செல்லாது. தெருவே சேர்ந்து எழுதினாலும் செல்லாது. அந்த வீட்டில் தண்ணீர் நின்றுபோய் அழுகிறார்கள் என்று நமக்கு நிச்சயமாகத் தெரிந்தாலும், புகார் வரும் வரை நாற்காலியிலேயே இருக்க வேண்டும். அன்றைக்கு உன் மேல் நான் வீசியது இந்த விதியைத்தான். இருபத்திரண்டு வருடம் ஒரு விதியைக் காப்பாற்றினால் அது நம்முடைய நல்ல குணம் என்றே நினைக்க ஆரம்பித்துவிடுகிறோம்.

இப்போது பக்கத்து வீட்டுக்கு வருகிறேன். நீ அந்த மனிதரை மாடிப்படியில் பார்த்திருப்பாய். அச்சகத்தில் மேற்பார்வையாளராக இருந்து ஓய்வு பெற்றவர். கட்டடத்தில் எல்லாரும் அவருக்கு வைத்திருக்கும் பெயர் கறார். அவர் வீட்டுச் சமையலறையில், குழாய் உள்ளே வருகிற இடத்தில் ஒரு வால்வு இருக்கிறது. அதற்கு ஒரு சங்கிலி, சங்கிலிக்கு ஒரு பூட்டு, சாவி அவர் இடுப்பில். காலையில் ஒரு மணி நேரம், மாலையில் ஒரு மணி நேரம் தண்ணீர் விடுவார், அதுவும் பாதி திறப்புதான். கதவில் நேர அட்டவணை ஒட்டியிருந்தார். நான் ஆறு வருடமாகச் சுவருக்கு இந்தப் பக்கமிருந்து கேட்டுக்கொண்டிருக்கிறேன்: அவர் குரல், சங்கிலிச் சத்தம், பிறகு தினமும் காலையில் ‘தொம்’ என்று ஒரு சத்தம். அவர் மனைவி, அந்தம்மாவின் குரல் மட்டும் கேட்காது. இந்தத் தொம் என்ன என்று நான் யோசித்து யோசித்து, கடைசியில் அவர் எதையோ தூக்கி எறிகிறார், ஒரு நாள் அது அந்தம்மா மேல் விழும் என்று முடிவு கட்டினேன். நீ போன பிறகு எனக்குக் காது இன்னும் கூர்மையாகிவிட்டது. வீட்டில் பேச்சு குறைந்தால் அப்படித்தான்.

உன் அத்தானிடம் சொன்னேன். அவர் ஒரு பல்செட்டுக்கு மெழுகு வைத்துக்கொண்டே, “அவங்க ஏதாவது சொன்னாங்களா?” என்றார். “சொல்ல முடியாத நிலைமையில இருக்காங்க” என்றேன். சொன்ன பிறகுதான் இது யாருடைய வசனம் என்று எனக்கே உறைத்தது. அவருக்கும் உறைத்திருக்கும். தலை நிமிராமல், “பாத்து” என்றார்.

மறுநாள் அலுவலகத்தில் ஒரு புகார்ப் படிவம் எடுத்தேன். அந்தம்மாவின் பெயரை எழுதினேன். கையெழுத்துப் போட வேண்டிய இடத்தில் ‘சார்பாக’ என்று போட்டு நான் கையெழுத்துப் போட்டேன். படுக்கையில் கிடப்பவர்களுக்காக வைத்திருக்கும் வழி அது. புகாரைப் பெற்றுக்கொண்டதாக முத்திரை குத்தியது நான். பரிசீலித்தது நான். ‘புகாரில் உண்மை இருப்பதாகத் தெரிகிறது’ என்று ஓரத்தில் குறிப்பு எழுதியதும் நான். வீட்டின் உள்குழாயை வாரியம் தொடக் கூடாது, கசிவு இருப்பதாகச் சந்தேகம் இருந்தால் மட்டும் தொடலாம். எனவே ‘கசிவு இருப்பதாகச் சந்தேகம்’ என்று ஒரு வரி சேர்த்தேன். அந்த வீட்டில் அப்போது ஒரு சொட்டுக் கசிவு இல்லை. உங்களை அனுப்பியவர்கள் ஆறு மாதம் கூடிக் கூடிப் பேசிச் செய்ததை நான் ஒரே ஆளாக ஒரு மதிய இடைவேளையில் செய்து முடித்தேன்.

கறார் செவ்வாய்க்கிழமை தோறும் பத்து மணிக்கு ரத்த அழுத்தம் பார்க்கப் போவார், திரும்ப நாற்பது நிமிடம் ஆகும். ஒரு செவ்வாய்க்கிழமை பத்தேகாலுக்கு நான் எங்கள் குழாய்க்காரரை அழைத்துக்கொண்டு போனேன். அலுவலகத்தில் அவரை ரெஞ்சு என்றுதான் கூப்பிடுவோம். கதவைத் திறந்த அந்தம்மா ஒன்றும் கேட்கவில்லை. ஈரக் கையோடு ஓரமாக நின்றாள். நான் அதை வரவேற்பு என்று எடுத்துக்கொண்டேன். ரெஞ்சு சங்கிலியை அறுத்தார், வால்வை முழுசாகத் திறந்தார், அட்டவணையை நான் கிழித்தேன். இருபது நிமிடம். குழாயிலிருந்து தண்ணீர் பாத்திரம் அதிரக் கொட்டியது. நான் வீட்டுக்கு வந்து உன் அத்தானிடம், “முடிஞ்சுது” என்றேன். உண்மையைச் சொல்கிறேன், அவ்வளவு சந்தோஷமாக நான் இருந்து பல வருடமாகிறது. உனக்கும் முதல் வாரம் இப்படித்தான் இருந்திருக்கும் என்று நினைத்தேன். அப்போதே உனக்கு எழுதியிருந்தால் வேறு மாதிரிக் கடிதம் எழுதியிருப்பேன்.

கறார் வந்தார். கத்துவார் என்று எதிர்பார்த்து, அதற்கான பதில்களோடு நான் மறுபடி அங்கே போய் நின்றிருந்தேன். அவர் கத்தவில்லை.

“யார் குடுத்த புகார்?” என்றார்.

காகிதத்தைக் கொடுத்தேன். மனைவியின் பெயரைப் படித்தார், அதற்குக் கீழே என் கையெழுத்தைப் படித்தார், மனைவியைப் பார்த்தார். அந்தம்மா தரையைப் பார்த்தாள்.

“நல்லது” என்றார். “இனிமே நீங்களே பாத்துக்குங்க.”

ஒரு பை, நாலு சட்டை, அலமாரியிலிருந்து நீளமான ஒரு நோட்டு. அவ்வளவுதான். தன் தம்பி வீட்டுக்குப் போய்விட்டார். ஆள் போனால் போதும் என்று இருந்த எனக்கு, அந்த நோட்டில் என்ன இருக்கிறது என்று கேட்கத் தோன்றவில்லை.

இரண்டு நாள் அமைதியாகப் போயிற்று. மூன்றாம் நாள், வெள்ளிக்கிழமை, காலை ஆறு மணிக்குச் சுவருக்குள் யாரோ இருமுவது போலக் கேட்டது. எழுந்து வருவதற்குள் இரண்டு வீட்டுக்கும் பொதுவான அந்தச் சுவர் வீங்கி, வெடித்து, தண்ணீர் எங்கள் கூடத்துக்குள் நடந்து வந்தது. நடந்து என்றுதான் சொல்ல வேண்டும், அவசரமே இல்லாமல் வந்தது. நேராக உன் அத்தானின் வேலை அறைக்குள் போயிற்று. கீழ்த்தட்டில் அவர் பல்செட்டுக்காக வாடிக்கையாளர்களின் வாய் அளவெடுத்து வார்த்த மாவுத் தாடைகளை வரிசையாக அடுக்கி வைத்திருப்பார், பார்த்திருப்பாயே. பதினேழு பேருடைய தாடைகள் முழங்கால் அளவு தண்ணீரில் ஊறிக் கரைந்தன. உன் அத்தான் என்னைத் திட்டியதே இல்லை, அன்றைக்கும் திட்டவில்லை. கையில் பிசுபிசுத்த ஒரு மேல்தாடையைத் தூக்கிப் பிடித்து, “இது ஓய்வு பெற்ற நீதிபதியோடது. திங்கட்கிழமை ஒரு கூட்டத்துல பேசணும்னு கேட்டிருந்தார்” என்றார். பிறகு அதை மெதுவாக வாளியில் போட்டார். திட்டியிருக்கலாம்.

ரெஞ்சு வந்து பார்த்துவிட்டுத் தலையில் கை வைத்தார். “ஏம்மா, இது நாப்பது வருஷத்துக் குழாய். உள்ள முழுக்க அரிச்சிருக்கு. முழு அழுத்தம் எப்படித் தாங்கும்? அந்த மனுஷன் நோட்டுல குறிச்சு அளந்து அளந்து விட்டதாலதான் இத்தனை நாள் நின்னுருக்கு.”

“அவருக்கு இது தெரியுமா?”

“தெரியாமலா பூட்டுப் போட்டாரு? வாரியத்துக்கு எழுதினேன், கையை விரிச்சிட்டாங்கன்னு போன வருஷம்கூட என்கிட்ட சொன்னாரே. நீங்க வாரியப் படிவத்தோட கூப்பிட்டதும் அதையெல்லாம் சரி பண்ணியாச்சுன்னு நினைச்சேன்.”

அலுவலகத்தில் போய்ப் பழைய கட்டுகளைத் தேடினேன். இருந்தது. ஐந்து வருடத்துக்கு முன்னால் கறார் எழுதிய புகார், நேர் கோட்டில், அச்சடித்தது போன்ற கையெழுத்தில்: சுவருக்குள் இருக்கும் குழாய் பழுது, பக்கத்து வீட்டுக்கும் ஆபத்து, வந்து பார்க்கவும். அதன் மேல் பின் குத்தியிருந்த எங்கள் பதில்: ‘உள்குழாய்கள் வாரியத்தின் பொறுப்பில் வராது என்பதைத் தெரிவித்துக்கொள்கிறோம்.’ கீழே இருந்த கையெழுத்து என்னுடையது. ஒரு நாளைக்கு அறுபது பதில் எழுதுகிறேன், முகவரியைப் படித்திருக்க மாட்டேன். பக்கத்து வீட்டுக்காரர் என் மேசைக்கே வந்து கதவைத் தட்டியிருக்கிறார், நான் உட்கார்ந்த இடத்திலிருந்தே பூட்டி அனுப்பியிருக்கிறேன். பிறகு நானே போய் அவர் பூட்டை உடைத்திருக்கிறேன். பிரிவு அதிகாரியிடம் எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டேன். அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, “கசிவு சந்தேகம்னு எழுதினீங்க. கசிவு வந்துடுச்சு. புகார் சரியாத்தானே இருக்கு?” என்று சொல்லி, ‘தீர்க்கப்பட்டது’ என்ற தட்டில் போட்டுவிட்டார்.

அதன் பிறகுதான் உண்மையான கஷ்டம். உடைத்தவள் நான் என்பதால் எல்லாவற்றுக்கும் நான்தான் பொறுப்பு என்று கட்டடம் முழுக்க முடிவாகிவிட்டது. கீழ் வீட்டுக் கூரை ஒழுகினால் என்னிடம் வந்தார்கள். மேல் வீட்டில் தண்ணீர் ஏறவில்லையென்றால் என்னிடம் வந்தார்கள். மூன்றாவது வாரத்தில் மாடிப்படி விளக்கு எரியாததற்கும் என்னிடம் வந்தார்கள். வெடித்த குழாயை அடைத்துவிட்டதால், காலையில் கீழேயிருந்து பத்து வாளி சுமந்து அந்தம்மாவின் வீட்டில் வைத்துவிட்டு, எங்களுக்கு ஐந்து வாளி சுமந்துவிட்டு, அலுவலகம் போய் மற்றவர்களுடைய தண்ணீர்ப் பிரச்சினைக்குப் பதில் எழுதுவேன். மாலையில் மறுபடி வாளி. சுவர் ஓட்டையில் ஒரு பழைய படுக்கை விரிப்பைத் தொங்கவிட்டிருந்தோம். அதை விலக்கிக்கொண்டு நானும் போவேன், அந்தம்மாவும் வருவாள். உன் மருமகளுக்கு ஒரே கொண்டாட்டம்.

“அம்மா, படை எப்ப வாபஸ்?”

“சுவர் பூசினப்புறம்.”

“சுவர் எப்ப பூசுவாங்க?”

“குழாய் மாத்தினப்புறம்.”

“குழாய் எப்ப மாத்துவாங்க?”

“அதுக்கு வீட்டுக்காரர் கையெழுத்து வேணும்டி.”

“அவரைத்தான் துரத்திட்டியே.”

சார்பாகக் கையெழுத்துப் போட இந்தத் தடவை எனக்குத் தைரியம் வரவில்லை. உன் அத்தான் அப்போது பக்கத்தில் பதினோராவது தாடையை மறுபடி வார்த்துக்கொண்டிருந்தார். அவர் தோள் மட்டும் குலுங்கியது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை பகலில் நான் அந்தம்மாவின் சமையலறைத் தரையைத் துடைத்துக்கொண்டிருந்தேன். அவள் ஸ்டூலில் உட்கார்ந்து என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள். மூன்று வாரமாகத் தினமும் பார்க்கிறோம், ஆனால் பேசியது இல்லை. நான் பேசுவேன், அவள் கேட்பாள். அன்றைக்கு நானே கேட்டேன்.

“அக்கா, தினம் காலையில தொம்முன்னு ஒரு சத்தம் கேக்குமே, அவர் என்னத்தைத் தூக்கிப் போடுவார்?”

“அவரா? அது நான்” என்றாள். “வாளியை ஓங்கி வெப்பேன். இன்னும் பத்து நிமிஷம் விட்டா என்ன குறைஞ்சுபோகும்னு வாயால சொன்னா அவருக்குக் கேக்காது. அதுக்காக.”

நான் துணியைப் பிழிந்தேன். வேறு என்ன செய்வது?

“ஆறு வருஷமா அந்தப் பக்கத்துலேர்ந்து கேட்டிருக்கே. ஒரு தடவை வந்து ‘என்னக்கா சத்தம்’னு கேட்டிருக்கலாமில்ல? நேரா ரம்பத்தோட வந்தே.”

“நீங்க அன்னைக்கே வேண்டாம்னு சொல்லியிருக்கலாமே அக்கா.”

“சொன்னா கேட்டிருப்பியா?”

கேட்டிருக்க மாட்டேன். அது அவளுக்கும் தெரிந்திருந்தது.

“அப்ப நான் வந்தது தப்புன்னு சொல்றீங்க” என்றேன். எனக்கு ஒரு பதில் வேண்டியிருந்தது. தப்பு என்று சொல்லியிருந்தால்கூட நிம்மதியாகியிருக்கும்.

அவள் ஸ்டூலை என் பக்கம் இழுத்துப் போட்டாள். “அப்படிச் சொல்ல மாட்டேன். ரெண்டு நாள் நினைச்ச நேரத்துல குளிச்சேன். இந்த ஆறு வருஷத்துல அப்படிக் குளிச்சதில்ல. குழாய் பழசுன்னு அந்த மனுஷன் என்கிட்ட ஒரு வார்த்தை சொன்னதில்ல பாரு. உனக்குச் சொல்ல வேண்டியதில்லன்னு பூட்டிட்டார். நீயும் அப்படித்தான், கேக்க வேண்டியதில்லன்னு உடைச்சிட்டே. நடுவுல நான் வாளியோட நின்னுட்டிருந்தேன்.”

பிறகு எழுந்து என் கையிலிருந்த துணியை வாங்கிக்கொண்டாள். “நாளைக்கு நீ வர வேண்டாம்மா” என்றாள். கோபமாக இல்லை, சாதாரணமாகச் சொன்னாள். தம்பி, எனக்கு அழுகை வந்துவிட்டது. மூன்று வாரமாக எப்போது இந்த வாளியிலிருந்து விடுதலை என்று ஏங்கியவள், போ என்றதும், நான் இல்லாமல் இவள் எப்படிச் சமாளிப்பாள் என்று விரிப்புக்கு இந்தப் பக்கம் நின்று விசும்புகிறேன்.

அவள் நன்றாகவே சமாளித்தாள். மறுநாள் தானே பேருந்து ஏறிப் போய்க் கறாரைக் கூட்டிக்கொண்டு வந்தாள். என்ன பேசினார்கள் என்று தெரியாது, நான் காதைச் சுவரில் வைக்கவில்லை, சுவரே இல்லாததால் வைக்கத் தேவையும் இல்லை, இருந்தாலும் வேண்டுமென்றே வானொலியைச் சத்தமாக வைத்தேன். குழாய் மாற்றும் படிவத்தில் அவர் கையெழுத்துப் போட்டார், அதற்குக் கீழே அந்தம்மாவும் போட்டாள். அவள் கையெழுத்தை அன்றைக்குத்தான் முதல் தடவை பார்த்தேன். என் ‘சார்பாக’வைவிட அழகாக இருந்தது. வேலை முடிய இன்னும் பத்து நாள் ஆகுமாம். கறார் என்னைப் படியில் பார்த்தால் ஒதுங்கி வழி விடுகிறார். மரியாதையா பயமா என்று தெரியவில்லை.

இதையெல்லாம் உனக்கு எழுதுவது நீ ஜெயித்தாய் என்று சொல்வதற்காக இல்லை. அப்படி எழுதலாம் என்றுதான் உட்கார்ந்தேன், வரவில்லை. பெரிய நாடு தன் பலத்தை நம்பி இன்னொருவர் வீட்டுக்குள் போவது நியாயம் என்று எனக்கு இன்னும் தோன்றவில்லை. முன்னைவிட இப்போதுதான் சுத்தமாகத் தோன்றவில்லை. உள்ளே போகிறவர்களுக்கு எவ்வளவு குறைவாகத் தெரியும் என்பதை நானே போய்ப் பார்த்துவிட்டேன். ஒரு சமையலறையைப் பற்றி எனக்குத் தெரியாதது இவ்வளவு என்றால், ஒரு நாட்டைப் பற்றி உங்களை அனுப்புகிறவர்களுக்கு என்ன தெரிந்திருக்கும்? ஆனால் உன் கேள்விக்கும் என்னிடம் பதில் இல்லை. தினமும் உண்மையாகவே அடி விழுகிற வீடு ஒன்று எங்கேயாவது இருக்கிறது. அங்கே நாற்காலியிலேயே உட்கார்ந்திருப்பது நியாயமா? நான் ஐந்து வருடம் உட்கார்ந்திருந்தேன், அதனாலும்தான் சுவர் விழுந்தது. போகாமல் இருந்ததற்கும் நான் பொறுப்பு, போனதற்கும் நான் பொறுப்பு. இதற்கு மேல் எனக்கு யோசனை ஓடவில்லை.

ஒன்று மட்டும் தெரிகிறது. அன்றைக்கு மேசையில் நான் உன்னிடம் கேட்டது கேள்வியே இல்லை. பதில் எனக்கு முன்னாலேயே தெரியும் என்று நினைத்துக்கொண்டு, ரம்பத்தோடுதான் வந்தேன். இப்போது கேட்கிறேன். அந்தப் பாலம் எவ்வளவு நீளம்? போட எத்தனை நாள் ஆயிற்று? தண்ணீர் குளிராக இருந்ததா? நீ அதில் முதலில் நடந்தாயா, வேறு யாராவதா? அங்கே யாராவது உன்னோடு பேசினார்களா? பழைய பாலத்தைப் பற்றி உனக்கே ராத்தூக்கம் கெட்டிருந்தால், அதை நான் சாப்பாட்டுக்கு நடுவே எடுத்து வீசினேனே, அதற்கு என்னை மன்னித்துவிடு. நீ சொல்லாததால் அது உனக்குத் தெரியாது என்று நினைத்தேன்.

சனிக்கிழமை விஷயத்தில் நீ கையெழுத்துப் போட்டாலும் சரி, போடாவிட்டாலும் சரி. அது உன் வாழ்க்கை, உன் பேனா. கூப்பிடாத இடத்துக்குள் இனி நுழைவதில்லை என்று நான் முடிவு செய்துவிட்டேன். யோசித்து, நிதானமாக, யாருடைய வற்புறுத்தலும் இல்லாமல் நீ முடிவெடு. என்ன முடிவென்றாலும் உன் அக்கா வாயைத் திறக்க மாட்டாள்.

வேளாவேளைக்குச் சாப்பிடு. ஈரக் காலணியோடு நிற்காதே. உன் அத்தான் உன்னை விசாரித்ததாக எழுதச் சொன்னார். நீதிபதிக்குப் பல் வந்துவிட்டது என்பதையும் எழுதச் சொன்னார். உன் மருமகள் உன்னிடம் ஏதோ சொல்ல வேண்டும் என்கிறாள், என்னவென்று என்னிடம் சொல்ல மறுக்கிறாள், நானும் கேட்கவில்லை. எங்கே இருந்தாலும் உனக்கு ஒரு குறையும் வராமல் இருக்கட்டும் என்ற ஆசியோடு,

உன் அக்கா

பி.கு.: மடித்துவிட்டுப் பிரித்து எழுதுகிறேன். இதைத் தபாலில் போடவில்லை. சனிக்கிழமைக்குள் வந்து சேராவிட்டால் என்ன செய்வது என்ற கவலையில் நானே கொண்டுவருகிறேன். வியாழக்கிழமை காலை ரயில். உன்னைக் கேட்கவில்லை, கேட்டால் வேண்டாம் என்பாய். முகாமில் முதலில் உன் மேலதிகாரியைப் பார்த்துவிட்டு, அப்புறம்தான் உன்னைப் பார்ப்பேன். உன் முழங்கால் வலியைப் பற்றி அவருக்கு நான்கு பக்கம் எழுதிப் போட்டு ஒரு வாரமாகிறது, பதில் இல்லை, படித்தாரா என்று தெரிந்துகொள்ள வேண்டும். உன் பழைய அறையைக் காலி செய்து வெள்ளையும் அடித்தாயிற்று. நான் வரும் வரை பேனாவைத் தொடாதே. ஒரே நாளில் திரும்பிவிடுவேன் என்று உன் அத்தானிடம் சொல்லியிருக்கிறேன். பதினைந்து நாளுக்குத் துணி எடுத்து வைத்திருக்கிறேன்.